கோகிலா என்கிற தப்பு

ஒருவருடைய பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள், பேருந்து நிறுத்தத்துக்கு வைப்பார்கள். கோகிலவாணியின் பெயரை ஒரு தப்புக்கு வைத்திருந்தார்கள்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, செம்மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து அமைத்த மோட்டோகிராஸ் பைக் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளதிலேயே பெரிய மேட்டுக்கு ஆனைமேடு என்று பெயர். முழு வேகத்தில் ஏறி, உச்சியிலிருந்து வண்டியோடு பறந்து, அந்தப் பக்கச் சரிவில் இறங்க வேண்டும். உச்சிக்கு வரும்போது பயத்தில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் போச்சு. பின்சக்கரத்தில் வலு அற்று, முன்பக்கம் தலைகுப்புறக் கவிழும். பயிற்சியாளர் மயில்சாமி புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்: "உச்சியில கையைத் தளர்த்தறதுக்குப் பேரு கோகிலா. கோகிலா போட்டீங்கன்னா நேரா ஆஸ்பத்திரிதான், பாத்துக்குங்க."

அவருக்குக் கோகிலாவின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அவருடைய மாணவிகளிலேயே அவள்தான் கெட்டிக்காரி. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஆனைக்கும் அடி சறுக்கும் அம்மிணி" என்று கட்டில் ஓரத்தில் நின்று அழுத மனுஷன்தான் அவர். ஆனால் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஓர் உதாரணம் வேண்டும். நல்ல உதாரணம் கிடைத்துவிட்டால் அதை விடவே மாட்டார்கள்.

அவள் விழுந்து இரண்டு வருடமாகிறது. தடத்தை வைத்திருந்த பைக் கம்பெனி புதிதாக வடிவமைத்துக்கொண்டிருந்த பந்தய வண்டியை ஆனைமேட்டில் சோதனை ஓட்டம் ஓட்டியபோது விழுந்தாள். உச்சியில் கை தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னதை அவளும் நம்பினாள். இடுப்பெலும்பு உடைந்து, தொடைக்குள் தகடு வைத்தார்கள். கால் கூடிவிட்டது. கூடாதது வலது கைதான், அதில் ஒரு கீறல்கூட இல்லாதபோதும். ஸ்கூட்டரில் கடைவீதிக்குப் போகும்போது வேகத்தடை வந்தால்கூட அந்தக் கையைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வாள். விட்டுவிடுமோ என்று இருக்கும். சொந்தக் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது.

கம்பெனியின் தலைமைப் பொறியாளர் சென்னியப்பன்தான் அவளுக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். விற்பனைக்காரர்களுக்கு வண்டியைப் பற்றிப் பாடம் எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, "பயம் எல்லாருக்கும் வர்றதுதான் அம்மிணி. மனசைப் போட்டு ஒழப்பிக்காதே" என்று சொன்னவரும் அவர்தான். கோகிலாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. இருந்திருந்தால் இவரைப்போல இருந்திருப்பான் என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவர் உருவாக்கிய வண்டிக்கு வெருகு என்று பெயர். காட்டுப்பூனை. எப்படித் தூக்கிப் போட்டாலும் பூனை நாலு காலில் இறங்கும் அல்லவா, அதனால். பழைய மாதிரியைவிட எடை குறைவு. பின்பக்க ஷாக், குதிக்கிற உயரத்தை அறிந்து ஆகாயத்திலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும். சட்டத்துக்கு நடுவில் கனமான ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருந்து, சாய்கிற வண்டியை நிமிர்த்தும். பேட்டரி வண்டிதான், பெட்ரோல் ஊற்ற இடமே இல்லை. இருந்தாலும் முன்னால் புடைத்திருக்கும் மூடியைப் பழக்கதோஷத்தில் எல்லோரும் டேங்க் என்றுதான் சொன்னார்கள். இத்தனைக்கும் மேலே, இருக்கைக்கு அடியில் ஒரு மூளை. விழுகைகளைப் பார்த்துப் பார்த்துப் பாடம் படித்த மூளை. ஓட்டுகிறவர் உச்சியில் பயந்து கையைத் தளர்த்தினால், அது தானாக வலுவைக் கூட்டிக் கொடுத்து அவரை அந்தப் பக்கம் சேர்த்துவிடும். கோகிலா போட்டாலும் விழ முடியாத வண்டி என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். கோகிலாவின் வகுப்பில் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

வெருகு வெளியாவதற்கு முந்தைய நாள் மத்தியானம், தடத்தின் ஓரத்துப் பட்டறையில் கடைசிச் சோதனை நடந்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைச் சுழல விட்டிருந்தார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான். அதைக் கட் என்பார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் விழுந்து கிடந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. அப்போது ஓரத்தில் இருக்கும் ஆள் கையடக்கப் பெட்டியில் கட்டை விரலை வைத்து அழுத்தினால், வருகிற வண்டிகளின் வலு அறுந்துவிட வேண்டும். கண்டவர்களும் அழுத்தி விளையாடாமல் இருக்க, பதிவு செய்த கைரேகைக்குத்தான் அது வேலை செய்யும்.

புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் ரெஹானா அழுத்தினாள். சக்கரம் நின்றது. மயில்சாமி அழுத்தினார். நின்றது. சென்னியப்பன் அழுத்தினார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார் சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்குது" என்று ரெஹானா சிரித்தாள்.

சென்னியப்பன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே கதைதான். "ஸ்பானர் புடிச்சுப் புடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு. என் பேரை எடுத்துட்டு வேற யாரையாச்சும் போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததுபோல வெளியே போனார். போன் அடித்ததாகக் கோகிலாவுக்குக் கேட்கவில்லை. மயில்சாமி டீ சொல்லப் போனார்.

ரெஹானா டேப்லெட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அக்கா, இது ரேகைப் பிரச்சினை இல்ல. சார் அழுத்துனது வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. சார்தான்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் மாட்டேன்னு சொல்லுது."

"கோளாறா?"

"கோளாறுன்னா எல்லாருக்கும் வரணும்ல. இது அவர் கையை மட்டும் ஆபத்துன்னு வெச்சிருக்கு. கல்லு, சேறு, ஈர மண்ணுன்னு அது பயப்படற வரிசையில இவர் கையும் இருக்குக்கா. அதுவும் முதல்ல இருக்கு."

"ஆபத்துன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்ல முடியாது. விழுந்தாத்தான் கத்துக்கும். ஒரு விழுகைக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சோ அதையெல்லாம் பாத்து, எது காரணம்னு அதுவே முடிவு பண்ணிக்கும்."

"எத்தனை விழுகையைப் பாத்திருக்கு?"

"மெத்தை மேல வேணும்னே விழுந்தது நெறைய. அதையெல்லாம் அது மதிக்கவே இல்ல. நெசமான விழுகை ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி லட்சக்கணக்குல ஓட்டிக் காட்டியிருக்காங்க." ரெஹானா நிறுத்தினாள். அந்த ஒன்று யாருடையது என்பது அவளுக்கும் தெரியும். "உங்களுதுக்கா."

சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கோகிலா அதையே பார்த்தாள். அவளுக்கு முதலில் எழுந்தது கோபம் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் விழுந்த அன்றைக்குக் காலையில் நடந்த ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வந்தது.

இந்தத் தடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எதை மாற்றினாலும், ஸ்குரூ ஒரு திருகு திருகியிருந்தாலும்கூட, மெக்கானிக் ஓட்டுகிறவரின் கையைப் பிடித்து மாற்றிய இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. ஹெல்மெட்டுக்குள் காது கேட்காது, ஞாபகமும் நிற்காது. எதையும் மாற்றவில்லை என்றால் டேங்கின்மேல் இரண்டு தட்டுத் தட்டி, "அப்படியேதான் இருக்கு" என்பார்கள். கை வைத்துச் சொல்லாத வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். விழுந்த அன்றைக்குச் சென்னியப்பன் டேங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்படியேதான் இருக்கு அம்மிணி என்றார். அது பொய்யும் இல்லை. வண்டியில் ஒன்றையும் மாற்றியிருக்கவில்லை.

இனி இந்தக் கதையில் அவர் 'அவன்'தான். கோகிலாவின் மனசில் அந்த நிமிஷமே அப்படி ஆகிவிட்டது, நாம் மட்டும் மரியாதை கொடுத்து என்ன ஆகப்போகிறது.

அவன் பட்டறைக்குப் பின்னால், டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். அவள் வருவதைப் பார்த்ததுமே எழுந்தான்.

"நீங்கதான் கட் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

அவன் மறுத்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் இரண்டு வருடம் மறைத்தவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் மறைப்பதா கஷ்டம்? ஆனால் வண்டியே காட்டிக் கொடுத்துவிட்ட பிறகு அலுத்துவிட்டதுபோல.

"ஒரு நொடிகூட இல்ல அம்மிணி. கண் சிமிட்டற நேரம்."

"ஏன்?"

"மெத்தை போட்டு, கயித்தைக் கட்டி, எத்தனையோ பேரை விழ வெச்சுப் பாத்தோம். வண்டிக்கு ஒண்ணும் ஏறலை. விழப்போறோம்னு தெரிஞ்ச ஒடம்பு வேற. தெரியாம விழற ஒடம்பு எப்படியிருக்கும்னு அதுக்குக் காட்டியே ஆகணும். மேல இருக்கறவங்க கடையை மூடறேன்னுட்டாங்க. இத்தனை வருசத்து ஒழைப்பு. எனக்கு வேற வழி தெரியலை."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே." இதைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். "நீ சமாளிச்சுருவேன்னு நெனச்சேன். நம்ம தடத்துல அதைத் தாங்கற ஒரே ஆள் நீதான். உன் மேல இருந்த நம்பிக்கையிலதான் உன்னை..."

"நம்பிக்கை" என்றாள் கோகிலா. அந்தச் சொல்லை அவள் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை என்பதுபோல இருந்தது.

"நல்லதுக்குத்தான் பண்ணுனேன். போன மாசம் சோதனை ஓட்டத்துல அந்தப் பெருந்துறைப் பையன் உச்சியில கையைத் தளர்த்துனான், பாத்தீல்ல? பழைய வண்டியா இருந்தா அவன் இன்னைக்கு இல்ல. நீ விழுந்ததுதான் அவனைக் காப்பாத்துச்சு."

அது உண்மைதான். அதுதான் அவளைத் திட்ட விடாமல் செய்தது. கெட்டவன் கெட்டதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"விழுந்தது போகட்டும். தகடு போகட்டும். ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சுட்டு, பயம் எல்லாருக்கும் வர்றதுதான்னு சொன்னீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியும், இந்தக் கை விடலைன்னு."

அவன் டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

"மயில்சாமிண்ணா என் பேரைச் சொல்லிப் பாடம் எடுக்கறாரு. நீங்க பக்கத்துல நின்னு டீ குடிச்சுட்டு இருந்தீங்க."

"நான் கட் பண்ணுனதைப் பதிவுல இருந்து எடுத்துட்டேன். வண்டி கத்துக்கிட்டதை என்னால எடுக்க முடியலை. அது அதுக்குள்ள எங்கியோ போய்ப் படிஞ்சுருச்சு." ஏதோ பொறியியல் சிக்கலைப் பற்றிப் பேசுவதுபோலவே அதையும் சொன்னான். பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு ரெஹானா என் ரேகையை எடுத்துட்டு வேற யாரோடதையாச்சும் போட்டுட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. பசங்க நீ கை வெச்சாத்தான் வண்டியை நம்புவாங்க. வண்டி ஒரு தப்பும் பண்ணலை அம்மிணி."

"என்னை அம்மிணின்னு கூப்பிடாதீங்க" என்றாள் அவள். நடந்து போய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

புது மாதிரி வண்டி வெளிவரும்போது, எல்லோரும் நம்புகிற ஒருவர் முன்னால் நிற்பார். பொறியாளர் அவருடைய கையைப் பிடித்து, மாற்றிய இடம் ஒவ்வொன்றிலும் வைத்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சுற்றுப் போய் வந்து டேங்கில் கை வைத்தால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். கோகிலா விழுந்தவள்தான். ஆனாலும் விழுந்ததைப் பற்றி ஒரு சாக்கும் சொல்லாதவள் என்று பிள்ளைகளுக்கு அவள்மேல் ஒரு மதிப்பு. அதனால் அவளையே கேட்டிருந்தார்கள். அவள் கை வைக்காவிட்டால் பிள்ளைகள் பழைய வண்டியிலேயே ஓட்டி விழுவார்கள். பேசாமல் கை வைத்தால் அவளுடைய பெயர் தப்பின் பெயராகவே நின்றுபோகும். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளை அம்மா என்னவென்று கேட்டாள். "மனசு பொக்குனு இருக்குதுமா" என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

காலையில் தடத்தில் நல்ல கூட்டம். பந்தயக்காரர்கள் வெருகைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். முதலாளி, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். கோகிலா பழைய ஓட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

சென்னியப்பன் அவளுடைய கையைப் பிடித்தான். முன்ஃபோர்க்கில் வைத்துச் சொன்னான். சட்டத்தில் வைத்துச் சொன்னான். ஷாக், சுழல் தட்டு, இருக்கைக்கடி மூளை என்று ஒவ்வொன்றாக வைத்துச் சொன்னான். அவனுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. முடித்துவிட்டுக் கையை விடப்போனான். அவள் விடவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே" என்றாள். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் வட்டத்துக்கே கேட்டது. "நான் விழுந்த அன்னைக்கு என்ன மாத்துனீங்க? அன்னைக்குக் கை வெச்சுச் சொல்லாம விட்டுட்டீங்க. இப்பச் சொல்லிருங்க."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மயில்சாமி அவருடைய தோளில் கை வைத்தார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே அப்போது தெரியாது.

சென்னியப்பன் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் அவன் செய்த வண்டிகளில் ஓட்டப் பழகிய பிள்ளைகள். அவன் நினைத்திருந்தால் டேங்கில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கலாம். அவன் அப்படித்தான் செய்வான் என்று கோகிலா எதிர்பார்த்தாள். அவன் தட்டவில்லை. அவளுடைய கையை எடுத்து, தன்னுடைய வலது கட்டை விரலின்மேல் வைத்தான். வைத்தபடியே நின்றான்.

கட் பெட்டியில் எந்த விரலை வைப்பார்கள் என்று வட்டத்தில் நின்றவர்களில் தெரியாதவர் யாரும் இல்லை. மயில்சாமிதான் முதலில் புரிந்துகொண்டார். அவருடைய வாய் அந்தத் தப்பின் பெயரைச் சொல்லப்போய், பாதியில் நின்றுவிட்டது.

கோகிலா கையை எடுத்துக்கொண்டாள். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. அண்ணன் செத்துப்போன வீட்டில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ரெஹானாவைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மூளையை அணைச்சுரு. நான் விழறதா இருந்தா நானே விழுந்துக்கறேன்."

ரெஹானா அவளுடைய கண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு எடுத்தாள். தலையை அசைத்தாள்.

முதல் வளைவில் வலது கையைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இரண்டாவது மேட்டில் பார்க்கவில்லை. தொடைக்குள் தகடு இருக்கிற இடம் ஒவ்வோர் இறக்கத்திலும் வலித்தது. ஆனைமேடு எதிரே வந்தபோது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது. ஏறினாள். உச்சியில் வானம் மட்டும் தெரிகிற அந்த இடத்தில், முன்பு எப்படிப் பிடித்திருந்தாளோ அப்படியே பிடித்திருந்தாள். மண் கீழே போனது. பிறகு சரிவு வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டது.

ஹெல்மெட்டுக்குள் அவள் அழுதாள். இந்தக் கை விடவே இல்லை. அன்றைக்கும் விட்டிருக்காது.

திரும்பி வந்து நின்றபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். அவனைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாகியிருந்தது. ரெஹானா ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவள் முகம் சரியில்லை.

"அக்கா, நான் அதை அணைக்கலை."

கோகிலாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"உங்க தொடையில தகடு இருக்கு. இன்னொரு தடவை விழுந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். எனக்குக் கை வரலைக்கா. உங்க நல்லதுக்குத்தான்." அவசரமாக டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா பாருங்க, அது ஒரு எடத்துலகூட உள்ள வரலை. ஆனைமேட்டு உச்சியில வலு கொறஞ்சா அதுவா கூட்டிக் குடுத்திருக்கும். கொறையவே இல்ல. நீங்க உச்சியில கையைத் தளர்த்தலை. வண்டியே சாட்சி சொல்லுது."

அவளுடைய கைக்கு இதைவிடப் பெரிய சான்று யாராலும் கொடுக்க முடியாது. கோகிலாவுக்கு அது தெரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு கூடவே, நேற்று டயர் அடுக்கின் பக்கத்தில் கேட்ட அதே சொல்லும் காதில் விழுந்துவிட்டது.

"அவனும் இதையேதான் சொன்னான் கண்ணு" என்றாள்.

ரெஹானாவின் முகம் சுருங்கியது. கோகிலா அவளுடைய கையைப் பிடித்து, இருக்கைக்கு அடியில் இருந்த சுவிட்சின்மேல் வைத்தாள். "அணைச்சாலும் இதுல கை வெச்சுச் சொல்லணும். அணைக்கலைன்னாலும் சொல்லணும்" என்றாள். பிறகு கீழே இறங்கி, எல்லோரும் பார்க்க வெருகின் டேங்கில் கை வைத்தாள். நல்ல வண்டி. பிள்ளைகள் ஓட்டட்டும்.

கூட்டம் வண்டியை மொய்த்தபோது அவள் மயில்சாமியைத் தேடிப் போனாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"ஏனுங்ண்ணா, உங்க பழைய பெட்ரோல் வண்டி ஓடுதுங்களா?"

"ஓடும் அம்மிணி. ஒதைச்சாத்தான் ஓடும். அதுல மூளை கீளைன்னு ஒரு எழவும் கெடையாது."

"அது போதும்ங்க."

மூன்றாவது உதையில் அது புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. மயில்சாமி குனிந்து செயினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். அவளுடைய கையை எடுத்து இரண்டிலும் வைத்துச் சொன்னார். அவள் மறுபடியும் ஆனைமேட்டை நோக்கிப் போனாள்.